பைக் டயர் மாற்றுவதற்கு முன்: ஒரே ஆண்டில் மூன்று முறை மாற்றியவனின் வழிகாட்டி

ஒரே ஆண்டில் என் பைக்கின் பின் டயரை மூன்று முறை மாற்றினேன். முதலில் வாங்கியது அகலம் கூடிய டயர். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் செயின் கார்டில் உரசியது. இரண்டாவது, ஆறு ஆண்டுகள் கிடங்கில் தூங்கிய பழைய சரக்கு. மாட்டிய சில மாதங்களில் பக்கச் சுவரில் வெடிப்புகள் ஓடத் தொடங்கின. மூன்றாவது நல்ல டயர்தான், ஆனால் சுழல வேண்டிய திசைக்கு எதிராக மாட்டிக் கொடுத்தார்கள். அதைக் கழற்றித் திருப்பிப் போட மறுபடியும் கூலி. மூன்று தவறுகளுக்கும் விடை டயரின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. நான்தான் குனிந்து படிக்கவில்லை.

முதன்முறையாக டயர் மாற்றப் போகிறவர்களுக்காக, நான் இப்போது பின்பற்றும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. மாற்ற வேண்டிய நிலையா என்று பாருங்கள்

பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை முழுச் சுற்றும் சுற்றிப் பாருங்கள். நடு ஸ்டாண்டு இல்லையென்றால் சிறிது சிறிதாக உருட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கோளாறு தரையில் அழுந்தியிருக்கும் பகுதியிலும் இருக்கலாம்.

பக்கச் சுவரின் மேல் விளிம்பில் சிறிய முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அந்த இடத்துக்கு நேராகப் பள்ளக்கோடுகளுக்குள் பாருங்கள், குறுக்கே ஒரு சிறு மேடு தெரியும். தேய்மான அளவுக்குறி அதுதான். பட்டன்கள், அதாவது பள்ளக்கோடுகளுக்கு இடையே எழும்பி நிற்கும் ரப்பர் கட்டிகள், தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சட்டப்படி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் 1 மி.மீ., சில நாடுகளில் 1.6 மி.மீ. ஆனால் ஈரச் சாலையில் தண்ணீரை வெளியே தள்ளும் திறன் அந்த எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது. நான் 2 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுகிறேன். மழைக்காலம் நெருங்குகிறது என்றால் அதற்கும் முன்பே.

ஆழமானி என்ற சிறு கருவி மலிவானது. ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில், இடப்பக்கம், வலப்பக்கம் என மூன்று அளவுகளை எடுங்கள். சக்கரத்தை மூன்றில் ஒரு பங்கு சுற்றி மறுபடியும் எடுங்கள். இருப்பதில் மிகக் குறைந்த எண்தான் உங்கள் டயரின் உண்மையான ஆழம். சராசரி பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

பட்டன் எவ்வளவு இருந்தாலும் உடனே மாற்ற வேண்டிய நிலைகளும் உண்டு: பக்கச் சுவரில் உப்பல், உள்ளே உள்ள நூலிழை தெரியும் வெட்டு, பட்டன்களின் அடியில் வலைபோல் வெடிப்பு, பக்கச் சுவரில் பஞ்சர். பக்கச் சுவர் பஞ்சரை ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சக்கரம் சுழலும்போது ஓயாமல் மடங்கி விரியும் பகுதி அது. ஒட்டு அங்கே நிற்காது.

2. எப்படித் தேய்ந்தது என்று படியுங்கள்

அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. பழைய டயரைக் கழற்றித் தூக்கிப் போடும் முன், அது ஏன் இப்படித் தேய்ந்தது என்று பாருங்கள். காரணம் வண்டியில் இருந்தால் புது டயரும் அதே வழியில்தான் போகும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, வளைவாக இருந்த டயர் தட்டையாகிவிட்டதா? நீண்ட நேர்ச் சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கு இது இயல்பு. காற்று அளவுக்கு மீறி இருந்தாலும் இப்படியாகும். தட்டையான டயரில் திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டி விழுவது போல உணர்வீர்கள். அந்த உணர்வு வந்துவிட்டால், அளவுக்குறி வரை தேயட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் முதல் சந்தேகம் காற்றுக் குறைவின் மேல் விழ வேண்டும். காற்றுக் குறைந்த டயர் அதிகம் நசுங்கும், சூடாகும், வேகமாகத் தேயும், எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும். திருப்பங்கள் நிறைந்த மலைச் சாலைகளிலேயே ஓட்டுகிறவர் என்றால் ஓரத் தேய்மானம் ஓட்டத்தால் வந்ததாகவும் இருக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருப்பதைக் கண்டு பலர் பதறுவார்கள். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால் சிறு வேறுபாடு வருவது சாதாரணம். வேறுபாடு பெரிதாக இருந்தால் பின் சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செயினை இறுக்கும்போது ஸ்விங் ஆர்மின் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் சட்டம்) இரண்டு பக்கங்களிலும் உள்ள கோட்டு அடையாளங்கள் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு கோடு முந்தியிருந்தாலும் சக்கரம் கோணலாக ஓடும்.

முன் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் போலவும் இருந்தால், அல்லது மேடும் பள்ளமுமாக அலைபோல் தேய்ந்திருந்தால், அதற்குப் பிரேக் பிடிக்கும் விசையும் ஒரு காரணம். லேசாக இருந்தால் கவலை வேண்டாம். ஆழமான அலைகள் இருந்தால் காற்றழுத்தம், முன் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) எண்ணெய், சக்கர பேரிங், பேலன்ஸ் (சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது) எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபோர்க் சோர்ந்திருக்கும் வண்டியில் எத்தனை விலை உயர்ந்த டயரைப் போட்டாலும் பணம் வீண்தான்.

ஓரிடத்தில் மட்டும் தேய்த்து எடுத்ததுபோல் தட்டை இருந்தால், அது பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைப் பூட்டிய நாளின் நினைவுச் சின்னம். டயரைக் குறை சொல்ல வழியில்லை.

3. எப்போது வாங்குவது என்று கணக்குப் போடுங்கள்

மொட்டை டயரோடு கடை வாசலில் போய் நிற்பவருக்குத் தேர்வு என்ற ஒன்றே கிடையாது. இருப்பதைத்தான் மாட்டுவார்கள். நான் முதல் டயரை அப்படித்தான் வாங்கினேன்.

புது டயரின் ஆழத்தையும் அன்றைய கிலோமீட்டர் எண்ணையும் குறித்து வையுங்கள். தொடக்கத்தில் 7 மி.மீ. இருந்தது, 6,000 கி.மீ. ஓடியபின் 4 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு 2,000 கி.மீ. இன்னும் 2 மி.மீ. தேயும்வரை ஓட்டலாம் என்றால் கையில் இருப்பது ஏறக்குறைய 4,000 கி.மீ. தேய்மானம் எப்போதும் ஒரே சீராக இருக்காது, ஆனால் திட்டமிட இது போதும். கடைசி 1,000 கி.மீ. தொடங்கும்போதே டயரைத் தேடத் தொடங்குங்கள். அதிகம் விற்காத அளவு என்றால் வரவழைக்கவே சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். நீண்ட பயணம் இருந்தால் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக மாட்டிவிடுங்கள். காரணம் ஒன்பதாம் படியில் வருகிறது.

வயதையும் கணக்கில் சேருங்கள். ஓடாமல் நிற்கும் வண்டியின் டயரும் முதிரும், ரப்பர் இறுகும். 5 ஆண்டு ஆனபின் ஆண்டுதோறும் ஒரு முறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. 10 ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

பின் டயர்தான் முதலில் தேயும், ஏனென்றால் இஞ்சினின் இழுவிசையும் பெரும்பங்கு எடையும் அதன்மேல்தான். அதற்காக இரண்டையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன் டயரில் பாதிக்கு மேல் ஆழம் இருந்து, வயதும் குறைவு, மேற்பரப்பும் சீராக இருந்தால் பின்னதை மட்டும் மாற்றலாம். முன் டயர் வழுக்கினால் வண்டியைக் காப்பாற்றுவது மிகக் கடினம் என்பதால் அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

4. அளவை எழுதிக்கொள்ளுங்கள்

இரண்டு இடங்களில் பாருங்கள்: வண்டியோடு வந்த கையேடு, செயின் கார்டிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் சிறு தாள். பழைய டயரில் இருக்கும் அளவை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டியாக வாங்கியிருந்தால் முன்னவர் வேறு அளவு மாட்டியிருக்கக்கூடும்.

100/90-17 எம்/சி 55பி (ஆங்கிலத்தில் M/C 55P) என்று இருந்தால் அதை இப்படிப் படிக்க வேண்டும். 100 என்பது மில்லிமீட்டரில் அகலம். 90 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 90 சதவீதம், அதாவது 90 மி.மீ. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். எம்/சி என்றால் மோட்டார் சைக்கிளுக்கானது. 55 என்பது எடைக் குறியீடு: அந்த ஒரு டயர் தாங்கும் எடை 218 கிலோ. பி என்பது வேகக் குறியீடு: மணிக்கு 150 கி.மீ. வரை. எல் என்றால் 120, எஸ் என்றால் 180, எச் என்றால் 210.

இந்த இரண்டு குறியீடுகளும் கையேட்டில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், குறையக் கூடாது. இருவர் ஏறி, இரு பக்கமும் பை கட்டிப் பயணம் போகிறவர்கள் எடைக் குறியீட்டை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 

அளவில் 90-க்கும் 17-க்கும் நடுவே சிறு கோடு இருந்தால் அது குறுக்கு நூலிழை டயர், உள்ளே நூலிழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும். ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல், நூலிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும். ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் கலந்து மாட்டலாமா என்று கடையில் கேட்டால் 'தாராளமாக' என்பார்கள். வண்டித் தயாரிப்பாளர் அப்படிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய மாட்டாதீர்கள். சாயும்போது இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

டி.எல். என்றால் டியூப்லெஸ், டி.டி. என்றால் டியூப் போட வேண்டியது. கம்பிச் சக்கரம் வைத்திருப்பவர்கள் டியூப்லெஸ் டயரை மட்டும் வாங்கிப் போட்டால் வண்டி டியூப்லெஸ் ஆகிவிடாது. சாதாரணக் கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியின் துளை வழியாகவும் காற்று கசியும். காற்றை அடைத்து வைக்கும் ரிம்மும் வேண்டும்.

5. 'கொஞ்சம் அகலமாகப் போடலாமே' என்ற ஆசை

நான் விழுந்த முதல் குழி. அகலமான டயர் பார்க்க மிடுக்காக இருக்கும், பிடிப்பும் கூடும் என்று நினைப்போம். ஒவ்வொரு ரிம்முக்கும் அது ஏற்கும் டயர் அகலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. குறுகிய ரிம்மில் அகல டயரைப் போட்டால் இரண்டு ஓரங்களும் உள்ளே இழுக்கப்பட்டு, மேல்பகுதி கூராக எழும். தரையில் படும் பரப்பு நினைத்த அளவுக்குக் கூடாது. வண்டி சாய்வதற்கும் சுணங்கும்.

விட்டத்தையும் பாருங்கள். 90/90-17 டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 594 மி.மீ. அதற்குப் பதில் 100/90-17 போட்டால் 612 மி.மீ. ஏறத்தாழ 3 சதவீதம் பெரிது. சக்கரத்தின் சுழற்சியை வைத்து வேகம் காட்டும் வண்டியில் வேகமானி அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடைவெளி குறையும். 100/80-17 என்றால் விட்டம் 592 மி.மீ., கிட்டத்தட்டப் பழைய அளவுதான். ஆனாலும் ரிம் அதை ஏற்கிறதா, செயினுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடம் இருக்கிறதா என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். நிறுத்தி வைத்த வண்டியில் விரல் நுழைகிறது என்பது சான்றாகாது. எடை ஏறும்போதும் குழியில் இறங்கும்போதும் அந்த இடைவெளி சுருங்கும்.

தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து விலகினால் வண்டிச் சோதனையிலும் காப்பீடு கோரும்போதும் கேள்வி எழலாம். என் தீர்ப்பு எளிது: கையேட்டில் உள்ள அளவு, அவ்வளவுதான்.

6. எந்த வகை

உங்கள் ஒரு மாத ஓட்டத்தை நேர்மையாக எழுதிப் பாருங்கள். கனவில் ஓட்டும் சாலைகளை அதில் சேர்க்காதீர்கள். தினமும் அலுவலகம் போய் வருபவருக்கு, மென்மையான ரப்பரில் செய்த பந்தயப் பாணி டயர் விரைவில் நடுவில் தேயும். அந்தப் பிடிப்பு வேலை செய்யும் சூட்டை அது எட்டுவதே அரிது. இறுகிய ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் பிடிப்புச் சற்றுக் குறையலாம். நடுவில் இறுகிய ரப்பரும் ஓரங்களில் மென்மையானதும் வைத்த இரட்டை ரப்பர் டயர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகின்றன. மண் சாலை பாதிக்குப் பாதி என்றால் கட்டிப் பட்டன் டயர். தார்ச் சாலையில் அது இரைச்சலிடும், வேகமாகத் தேயும், பிரேக் தூரமும் கூடும்.

7. கடையில்: தேதி, ரசீது, கணக்கு

பணம் கொடுக்கும் முன் டயரைக் கையில் வாங்கிப் பக்கச் சுவரில் தயாரிப்புத் தேதியைத் தேடுங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு எண் இருக்கும் என்பதால் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டது என்றால் நான் வேறு கேட்கிறேன். இல்லையென்றால் வேறு கடை. தள்ளுபடி மிக அதிகமாக இருக்கும் டயரில் இந்த எண்ணை இரண்டு முறை படியுங்கள்.

டயரின் விலை மட்டும் செலவு இல்லை. இவற்றையும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

- கழற்றி மாட்டும் கூலி. சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் பல இடங்களில் குறையும்.
- டியூப் டயர் என்றால் புது டியூப், ரிம் நாடா (கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் ரிம்மின் மேல் சுற்றும் பட்டை). பழைய டியூப் விரிந்திருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழுந்து அங்கேயே பஞ்சராகும்.
- டியூப்லெஸ் என்றால் புது வால்வு. ரப்பர் வால்வும் டயரோடு சேர்ந்து முதிர்ந்திருக்கும்.
- பேலன்ஸ் பார்க்கும் கட்டணம்.
- பழைய டயரை அகற்றும் கட்டணம், சில இடங்களில்.

நைட்ரஜன் நிரப்பத் தனிக் கட்டணம் கேட்டால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடலாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ரசீதில் டயரின் பெயர், அளவு, அந்த நான்கு இலக்க எண், வண்டியின் கிலோமீட்டர் எண் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதம் பொதுவாகத் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். தேய்மானம், பஞ்சர், வெட்டு ஆகியவை அதில் அடங்காது. ரசீது இல்லாமல் போனால் குறைபாட்டுக்கும் பதில் கிடைக்காது. ரசீது வெயிலில் வெளுத்துப் போகும் தாளாக இருந்தால் அன்றே படம் எடுத்து வையுங்கள்.

8. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பக்கச் சுவரில் அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். பட்டன் வடிவத்தைப் பார்த்துத் திசையை ஊகிக்காதீர்கள். முன் டயரின் வடிவம் பல நேரங்களில் பின் டயருக்கு எதிராகத் தெரியும், அது சரிதான். முன்னது பிரேக் விசையைத் தாங்குகிறது, பின்னது இழுவிசையை. என் டயரைத் தலைகீழாக மாட்டியவரும் வடிவத்தைப் பார்த்துத்தான் மாட்டினார்.

டயரில் வண்ணப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வர வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று நிரப்பியபின், ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஓரிடத்தில் அது உள்ளே புதைந்திருந்தால் டயர் முழுமையாக அமரவில்லை.

சக்கரம் வெளியே இருக்கும் அந்தப் பத்து நிமிடம் அரிய வாய்ப்பு. பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. பிரேக் பேட், செயின் பற்சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர், ரிம்மில் கோட்டம் ஆகியவற்றையும் பாருங்கள். இப்போது மாற்றினால் கூலி ஒன்றுதான்.

திருப்பி மாட்டும்போது அச்சின் இரண்டு பக்கமும் இருக்கும் வளையங்கள் இடம் மாறிவிடாமல் பாருங்கள். அச்சு நட்டைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கே இறுக்க வேண்டும்.

கடையிலிருந்து நகரும் முன் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது ஒன்று: பிரேக் லிவரையும் மிதியையும் பலமுறை அழுத்துங்கள். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது, பிரேக் பேடை அழுத்தும் பிஸ்டன்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்தத்தில் லிவர் வெறுமையாகக் கைப்பிடி வரை வந்துவிடும். சாலையில் இறங்கியபின் அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

9. முதல் நாட்கள்

புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை திடீர் முடுக்கம், கடும் பிரேக், அதிகச் சாய்வு எதுவும் வேண்டாம். சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஈரத்தில் இன்னும் எச்சரிக்கை. பளபளப்புக்காக விற்கும் எண்ணெய்ப் பூச்சைத் தரையில் படும் பகுதியில் ஒருபோதும் தடவாதீர்கள்.

மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், குளிர்ந்த நிலையில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். கையேட்டில் உள்ள அளவுதான் சரி. பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்புகிறவர்கள் ஏராளம். ஓடியபின் அழுத்தம் சற்று ஏறியிருப்பது இயல்பு, அதை வெளியேற்றாதீர்கள். ஒரே நாளில் அழுத்தம் குறைந்திருந்தால் வால்விலும் ரிம் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குமிழி வந்தால் ரசீதோடு அன்றே கடைக்குப் போங்கள்.

ஒரு வாரம் ஓடியபின் அச்சு நட்டும் செயின் தளர்ச்சியும் ஒருமுறை. கம்பிச் சக்கரம் என்றால் கம்பிகளின் இறுக்கமும். பிறகு ஆழமானியை எடுத்து நடு, இடம், வலம் மூன்றையும் அளந்து, தேதியோடும் கிலோமீட்டரோடும் ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.